தேயாத இரும்பு

மூன்று நாளாக அந்த வார்ப்பிரும்புத் துண்டு, வார்ப்பாலைச் சோதனைக்கூடத்தில் இன்ஜினியரான அவள் உயிரை வாங்கியது. சுட்டுப் பதப்படுத்திய துண்டைச் சுழலும் தட்டில் சொட்டு எண்ணெயில்லாமல் அழுத்தி, எவ்வளவு தேய்கிறது என்று எடை பார்க்க வேண்டும். பஸ் பிரேக்குக்கான இரும்பு. காலையில் கிறீச்சிட்டுத் தேயும். மத்தியானம் அவள் சாப்பிட்டுவிட்டு வந்தால் சத்தமும் இராது, தேய்மானமும் இராது.

"எண்ணெய் விட்டீங்களா?" என்று ஆபரேட்டர்மேல் எரிந்து விழுந்தாள்.

"சத்தியமா நான் தொடவே இல்ல மேடம்!"

"அப்ப தானா வழுக்குதா?"

பக்கத்து அறையிலிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். "அவரை ஏம்மா திட்டுற? நம்ம இரும்பு அப்படி! தேயவே இல்லைன்னு ரிப்போர்ட் அனுப்பு."

மறுநாள் சாப்பிடப் போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஆபரேட்டர் கை கழுவப் போனதும் கதவு மெல்லத் திறந்தது. எண்ணெய்க் குப்பியோடு முதலாளி!

"சார்! என்ன பண்றீங்க?"

அவர் அசடு வழிந்தார். "ரெண்டே சொட்டுதாம்மா. மத்தியானம் கொஞ்சம் கண்ணசர விடமாட்டேங்குது இந்தச் சத்தம்."

"தேயுறதாலதான் சார் சத்தமே வருது!"

"அதான் மூணு நாளா தேயவே இல்லையே! அப்புறம் அது எதுக்குக் கத்தணும்?"