காய் விட்ட நாள்

யாழிசையின் ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால், அதே பெஞ்சில் உட்காரும் ஜெனிலாவின் கை நடுங்கும். யாழிசையின் தோளில் ஒட்டிய சென்சார் தகவல் அனுப்பியதும் அதிர்ந்து கையை நடுங்கவைக்கும் பட்டை ஜெனிலாவின் மணிக்கட்டில் இருந்தது. பள்ளியில் இந்த ஏற்பாடு வந்த பிறகுதான் யாழிசையின் அம்மா தமயந்தி மகளை வகுப்பில் விட்டுவிட்டு, பக்கத்துத் தெரு பனியன் கம்பெனிக்குத் தைக்கப் போக ஆரம்பித்தாள்.

இன்று காலை பள்ளி வாசலில் மகள் சொன்னாள்: "ஜெனிலாகூடக் காய் விட்டுட்டேம்மா. இனிப் பேசவே மாட்டோம்."

சாப்பாட்டு மணிக்கு முன்னால் தமயந்தியின் செல்போன் அலறியது. மகளின் சர்க்கரை வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. கோபத்தில் இருக்கும் பிள்ளை, கை நடுங்கினாலும் வாயைத் திறப்பாளா? தைத்துக்கொண்டிருந்த துணியை மெஷினிலேயே விட்டுவிட்டுத் தமயந்தி பள்ளிக்கு ஓடினாள்.

இரண்டு சிறுமிகளும் பெஞ்சின் இரண்டு ஓரங்களில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாழிசையின் கன்னம் குளுக்கோஸ் மிட்டாயால் உப்பியிருந்தது.

"ஒரு வார்த்தை பேசலீங்க. ஜெனிலா எந்திரிச்சுப் போயி மிட்டாயை இவ வாயில திணிச்சுட்டு வந்து உக்காந்துட்டா," என்று டீச்சர் சிரித்தார்.

ஜெனிலா சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "அத்தை, உங்க புள்ளைகிட்டச் சொல்லுங்க, இன்னொண்ணு திங்கோணும். என் கை இன்னும் நடுங்குது."

"தின்னுட்டுத்தான் இருக்கேன்னு அவகிட்டச் சொல்லும்மா!"

தமயந்திக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். ஜெனிலாவின் கை நடுக்கம் நிற்கும்வரை, ஒருத்தி சொன்னதை மற்றவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.