குளத்து மூடி

கொல்லைக் குளத்துக் கெண்டை கல்லில் உரசிக்கொண்ட காயம், நாலே நாளில் பஞ்சு ஒட்டியதுபோல் வெளுத்துவிட்டது. கல்லுப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் விட்டால் தேறும் என்று சொர்ணவல்லிக்குத் தெரியும். ஆனால் குளத்தின்மேல் பொருத்தியிருந்த பேசும் கண்ணாடி மூடி அவள் சொல்லித் திறக்காது. உரிமையாளர் சொல்ல வேண்டும். அவள் கணவர் திரவியம் இறந்து ஏழு மாதம் ஆகியும், உயிரோடிருக்கையில் பதிந்துவைத்த அவருடைய குரலும் குணமும் அந்த மூடியில் இருந்தன. சட்டத்துக்கு அவர்தான் இன்னும் உரிமையாளர்.

“ஏங்க, மூடியத் திறங்க. மீனு சாவப்போகுது.”

“சின்னக் காயம்தானே சொர்ணம்? நாளைக்குப் பாப்போம்.”

“நாலு நாளா இதையேதான் சொல்றீங்க!”

“சரியான அவசரக்குடுக்கை. போய்க் காப்பி குடி, போ.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நெஞ்சு வலிக்கிறது என்ற அன்றும் இப்படித்தான் நாளைக்கு என்றார். அவளும் சரியென்று காப்பி போடப் போனாள்.

கெண்டை ஒருக்களித்து மிதந்தது. அவள் கடப்பாரையை எடுத்து வந்து மூடியின் கீலில் கொடுத்து நெம்பினாள்.

“ஏய் சொர்ணம்! இத உடைச்சா அப்புறம் நானும் பேசமாட்டேன், தெரியும்ல?”

“தெரியும். அன்னைக்கே உங்களை ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருக்கணும்” என்று இன்னொரு நெம்பு நெம்பினாள்.

கீல் தெறித்தது. மீனை இரண்டு கையாலும் அள்ளி உப்புத் தண்ணீர் வாளியில் விட்டாள். வெகுநேரம் கழித்துச் செவுள் அசைந்தது.

“பாத்தீங்களா?” என்று வாய்தவறிக் கேட்டுவிட்டு, பதிலுக்காகக் குளத்தைப் பார்த்தபடியே நின்றாள்.