பொம்மை தேடிய புதுத்தொப்பி

முன்னொரு பொழுதிலே, ஒரு சோளக்கொல்லையிலே, பானைத் தலையும் வைக்கோல் தொப்பியுமாக ஒரு பொம்மை நின்றதாம். வெயிலுக்கு அந்தத் தொப்பிதான் துணை. ஆனாலும் அது அலுத்துவிட்டது. ஒருநாள் அங்கே மேய வந்த ஆட்டிடம் பொம்மை கேட்டது:

“வேற எது எனக்கு எடுப்பா இருக்கும், ஆட்டக்கா?”

“வச்சுப் பாத்தாத்தானே தெரியும்” என்ற ஆடு, பின்னங்காலில் எழுந்து பழைய தொப்பியைக் கழற்றியது. பூசணி இலையைக் கவிழ்த்துப் பார்த்தது.

“மூஞ்சி சின்னதாத் தெரியுது, தம்பி.” இலையை எடுத்துத் தின்றுவிட்டது.

அடுத்து வாழையிலை.

“பந்தியில உக்காந்த மாதிரி இருக்கு.” அதையும் தின்றது.

உச்சிவெயிலில் பானை கொதித்தது.

“பழசே போதும் அக்கா. அதைக் குடுத்துடு.”

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே, தம்பி” என்றது ஆடு. வாயோரம் ஒட்டியிருந்த வைக்கோலை நக்கிக்கொண்டே அடுத்த கொல்லைக்கு நடந்தது.