மனைவி பெயரில் ஒரு வைரஸ்

"ஒரு கிருமிக்கா என் பேரை வச்சீங்க?" அறிவியல் பத்திரிகையை மேஜையில் அடித்தாள் மனைவி.

விஞ்ஞானி அசடு வழிந்தார். "அது பாக்டீரியாவைத்தாம்மா கொல்லும், மனுஷனை ஒண்ணும் பண்ணாது. வாலே இல்லாத புது வைரஸ்! ஆசையாத்தானே வச்சேன்?"

"உங்க ஆசையில இடி விழ!"

"கிருமிக்குத் தன் பேரை வச்சா யாருக்குத்தான் கோபம் வராது? மாத்திடுடா" என்றாள் அவர் அம்மா.

"பேரை மாத்தினா தீர்ந்துடுமா அத்தை?" பையிலிருந்து அந்த வைரஸின் பெரிய போட்டோவை உருவினாள். "இதை எடுத்தது யாருன்னு உங்க பிள்ளையைக் கேளுங்க."

அவர் ஆய்வகத்தில் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பை இயக்குவதே அவள்தான்.

"சாம்பிளை மெஷின்ல அவ்வளவு வேகமா சுத்தாதீங்க, வைரஸோட வாலு ஒடிஞ்சிடும்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா?"

பத்திரிகைப் படத்தில் வெறும் தலைகள். அவள் போட்டோவின் ஓரத்திலோ, ஒடிந்த வால்கள் குவியலாகக் கிடந்தன.

"ஓரத்தை வெட்டிட்டு அச்சுக்குக் குடுத்திருக்கீங்க. இல்லாத வைரஸுக்கு என் பேரு!"

"மெதுவா பேசு. வெளியில தெரிஞ்சா என் மானமே போயிடும்."

"முழுப் படத்தையும் காலையிலயே பத்திரிகைக்கு அனுப்பிட்டேன். அனுப்பினது யாருன்னு கேட்டாங்க. உங்க வைரஸோட பேரைத்தான் சொன்னேன்."