எட்டி நின்ற நாட்கள்

"அங்கேயே நில்லு. என் உடம்பெல்லாம் கதிர் ஏறியிருக்கு," என்று கட்டிலில் படுத்தபடியே கணவன் தடுத்தான். அவள் சாப்பாட்டுத் தட்டை அறை வாசலிலேயே வைத்துவிட்டு நகர்ந்தாள்.

அவளுக்கு அதில் வருத்தமில்லை, உள்ளூரப் பெருமைதான். லுட்டீசியம் என்ற அருமண் உலோகத்தை அணு உலைக்குள் இறக்கி, நியூட்ரான்களால் தாக்கி, கதிரியக்கம் ஏற்றிப் புற்றுநோய் மருந்துக்கு அனுப்புவது அவள் வேலை. தன் கைபட்டுப் போன மருந்தே தன் கணவனைக் காப்பாற்றப் போகிறது என்று நம்பினாள். "ஊசி போட்டாச்சும்மா, இனிக் கவலையில்ல," என்று சொன்னது, மருத்துவமனைக்குத் துணைக்குப் போன அவளுடைய அண்ணன்.

ஒரு வாரம் போனது. இனி எவ்வளவு கிட்டே உட்காரலாம் என்று பார்க்க, வேலையிடத்திலிருந்து கதிர் அளக்கும் கருவியைக் கேட்டு வாங்கி வந்தாள். அவன் கண்ணயர்ந்திருந்தபோது பக்கத்தில் நீட்டினாள். வெறும் சுவருக்குக் காட்டிய அளவைத்தான் அவன் உடம்புக்கும் காட்டியது. ஒரு வாரத்தில் அடியோடு அடங்கிப்போகும் பொருளல்ல அது.

அண்ணனைத் தொலைபேசியில் பிடித்தாள். "ஊசி போட்டாங்களா, இல்லையா?"

"நோய் முத்திப்போச்சு, போட்டும் பிரயோஜனமில்லன்னு டாக்டர் கைவிரிச்சிட்டார்மா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு மாப்பிள்ளை சத்தியம் வாங்கிட்டார்."

அவள் திரும்பியபோது கணவன் விழித்திருந்தான். "நீ உடைஞ்சு போயிடுவேன்னுதான்..." என்றான்.

"இருக்கிற கொஞ்ச நாள்ல ஒரு வாரத்தை என்கிட்டேருந்து பிடுங்கிட்டீங்க. அந்த நோய்கூட அதைச் செய்யல."

அவன் கையை நீட்டினான். அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். ஆனால் அந்தக் கையைப் பிடிக்கவில்லை.