ஹாலிக்கு ஒரு பரலோக மந்திரம்

"யாருங்க அது பீடி பத்த வைக்கிறது? அணைங்க!"

செபஸ்தியான் போட்ட சத்தத்தில் முக்கொம்பு மதகில் தூங்கிய கொக்குகள்கூட விழித்திருக்கும். பீடி அணைந்தது. அதற்குள் இன்னொரு படம் பாழ்.

ஃபிலிமில் மிச்சம் ஒன்றே ஒன்று.

தெற்கே தென்னந்தோப்புக்கு மேல், பஞ்சைப் பிய்த்து ஒட்டினாற்போல ஹாலி வால் நட்சத்திரம். இதை விட்டால் இனி எழுபத்தாறு வருஷம் கழித்துத்தான் வரும். கேமராவோ இரவல். விடிந்ததும் ஹனீஃபாவின் ஸ்டுடியோவுக்குப் போயாக வேண்டும்.

பாலக்கரையிலிருந்து வேனில் வந்து இறங்கிய கும்பலுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை.

"இத்துனூண்டுதானா? ஆட்டுக்குட்டி வாலே இதைவிட நீளமா இருக்கும் தம்பி" என்றாள் லூர்துராணி, வாய் நிறையக் கோழி வறுவலோடு. ஈஸ்டர் முடிந்து ஒரு வாரம். தவக்காலத்தில் விட்டதையெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

செபஸ்தியான் கல்லூரியில் இயற்பியல் ட்யூட்டர். கடவுள் இல்லையோ என்று கடவுளுக்கே சந்தேகம் வரும்படி பேசுவான். பேசி வந்தது வினை.

பொங்கலுக்குப் பிறகு பேட்ரிசியாவைப் பெண் கேட்டுப் போனபோது அவள் அப்பா பாக்கியநாதன் காபி கொடுத்தார், முறுக்கு கொடுத்தார், பெண்ணை மட்டும் கொடுக்கவில்லை. "சிலுவை போடாத கையில எம் பொண்ணு கையைப் புடிச்சுக் குடுக்க மாட்டேன்."

"பொண்ணுக்காகப் பொய்யாச் சிலுவை போட மாட்டேன் சார்" என்று முறுக்கைக் கடித்துக்கொண்டே சொல்லிவிட்டு வந்தான் இவன்.

அன்றிலிருந்து இருவரும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட பேட்ரிசியா, "ரெண்டும் எருமை" என்று தீர்ப்புச் சொல்லியிருந்தாள்.

அந்த மூத்த எருமைதான் இப்போது கேமரா ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றது. பங்குனிப் புழுக்கத்திலும் முழுக்கை ஸ்வெட்டர். ஆற்றுக்காற்று ஒத்துக்கொள்ளாதாம். முப்பது வருஷம் ரயில்வே கார்டாக இருந்து பச்சைக்கொடி காட்டிய மனிதர். இவனுக்கு மட்டும் சிவப்பு.

"எல்லாரும் கேளுங்க" என்றான் செபஸ்தியான். "ஒரு நிமிஷம் இந்தப் பட்டனை அமுக்கியே பிடிக்கணும். விட்டா கேமரா கண்ணை மூடிக்கும். நான் எண்ணினா நீங்க பேசிப் பேசிக் கணக்கைக் கலைக்கிறீங்க. டார்ச்சும் அடிக்கக் கூடாது. இருட்டுல தெரியற ரேடியம் வாட்ச் யார்கிட்டயாவது இருக்கா?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"வாட்ச் எதுக்கு?" என்றார் பாக்கியநாதன். "நம்ம ஜனங்க வாயை அடைக்க ஒரே வழிதான் இருக்கு. ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள் நிறைந்த மந்திரம், ஒரு பிதாவுக்கும் சுதனுக்கும். சொல்லி முடிச்சா ஒரு நிமிஷம்."

பேட்ரிசியாவுக்கு இருமல் வந்தது.

"நான் சொல்ல மாட்டேன்" என்றான் செபஸ்தியான்.

"உங்களை யாரு சொல்லச் சொன்னா? நீங்க பட்டனைப் புடிங்க."

கேமராவிலிருந்து தொங்கிய ஒயரின் முனையில் இருந்தது பட்டன். வலது கட்டைவிரலால் அமுக்கினான். க்ளிக்.

"பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே..."

பீடி, கோழி, லூர்துராணி எல்லாம் அடங்கிப்போயின. இருட்டில் ஒரே குரலாக ஜெபம் நகர்ந்தது. செபஸ்தியான் உதட்டை இறுக்கிக்கொண்டான். கட்டைவிரல் அசையவில்லை.

"அருள் நிறைந்த மரியே..."

சின்ன வயதில் இந்த இடத்தில் தூங்கி விழுந்தால் அம்மா தொடையில் கிள்ளுவாள். இப்போதும் தொடை தானாகக் கூசியது. சே, என்று பல்லைக் கடித்தான். இன்னும் கொஞ்சம்தான். ஹாலி உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

"...எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும். ஆமென்."

ஒரு மூச்சு இடைவெளி.

"பிதாவுக்கும் சுதனுக்கும்..."

வலது கை கிளம்பியது.

யாரும் சொல்லவில்லை, அவனும் நினைக்கவில்லை. கை பாட்டுக்கு நெற்றிக்குப் போனது, நெஞ்சுக்கு இறங்கியது, இடது தோளுக்குத் தாவியது. கூடவே ஒயர் போனது, ஒயரோடு கேமரா போனது. சாயப்போன ஸ்டாண்டைப் பாக்கியநாதன் ஒரு கையால் தாங்கிப் பிடித்தார்.

க்ளிக்.

எழுபத்தாறு வருஷம்.

கை இன்னும் வலது தோளில் இருந்தது.

"கொசு" என்றான் செபஸ்தியான்.

"நெத்தியில, நெஞ்சுல, ரெண்டு தோள்லயும் வரிசையாவா கடிச்சுச்சு?"

செபஸ்தியான் அவசரமாகக் கையை இறக்கினான்.

பாக்கியநாதன் ஸ்டாண்டை நிமிர்த்தி வைத்தார். பிறகு சாவகாசமாக ஸ்வெட்டர் கையை முழங்கைவரை மேலே தள்ளினார்.

மணிக்கட்டில் இரண்டு முள்ளும் பச்சையாக ஒளிர்ந்தன.

"மணி நாலு. வேனை எடுக்கச் சொல்லுங்க மாப்பிள்ளை, ஆறு மணிப் பூசைக்குப் போயிடலாம்."

பேட்ரிசியாவுக்கு மறுபடியும் இருமல் வந்தது.