வெளித் தாழ்ப்பாள்

கர்ர்ர்... கர்ர்ர்...

மூன்றாவது ராத்திரியாக அதே சத்தம். கனமாக எதையோ தரையில் இழுக்கிற மாதிரி. வீட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது.

வீட்டுக்காரருக்குக் கடலூரில் நைட் ஷிப்ட். தூங்குகிற மகள் சிந்துஜாவை இறுக அணைத்துக்கொண்டேன். மாடியில் முகம் தெரியாத ஆறு பேர். சிதம்பரத்தில் கபடிப் போட்டி, லாட்ஜெல்லாம் ஃபுல் என்று நாங்கள்தான் வாடகைக்கு விட்டோம்.

சாயங்காலம் சிந்துஜாவின் கான்வென்ட்டில் கொடுத்த நோட்டீஸ் ஞாபகம் வந்தது. 'போட்டிக் கூட்டத்தோடு பிள்ளை கடத்துகிறவர்களும் வரலாம். சந்தேகம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.'

நான் படித்ததும் அங்கேதான். சிஸ்டர் சொன்னால் தட்ட மாட்டேன். ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்தேன்.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த இலக்கியா அதைப் படித்துவிட்டுக் கேட்டாள். மாடிக்காரர்கள் இருக்கும்வரை வேலைக்கு என்று கிள்ளைக் கிராமத்திலிருந்து, வீட்டு வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் சௌந்தரம் கொண்டுவந்து விட்டவள்.

"யாருக்குக்கா இந்த நம்பரு?"

"உனக்கில்ல. எங்க சிந்து மாதிரி புள்ளைங்களுக்கு."

கர்ர்ர்.

செல் வெளிச்சத்தில் எழுந்து போனேன். மாடிப்படியிலிருந்து ஈரக்கால் தடம். ஸ்டோர் ரூம் கதவு வரை வந்து, நின்று, திரும்பியிருந்தது.

இலக்கியா படுக்கிற ரூம்.

"இலக்கியா?"

சத்தம் நின்றது. "யாரு?"

"அக்காதான்."

கதவு ஒரு கை அகலம் திறந்தது. பின்னால் காலி சிலிண்டர். அதைக் கட்டிப் பிடித்தபடி அவள்.

"இத எதுக்குடி இழுத்து வச்சிருக்க?"

"இந்த ரூமுக்கு உள்ள தாப்பா இல்லக்கா. வெளியதான் இருக்கு."

செல் வெளிச்சத்தைத் தாழ்ப்பாள் பக்கம் திருப்பினேன்.

"மேல ஒருத்தரு தெனம் வந்து கதவத் தள்ளிப் பாக்குறாரு. சௌந்தரத்துக்கு வேண்டியவராம். போட்டி முடிஞ்சதும் அவுரு கூடத்தான் நான் சென்னைக்குப் போவணுமாம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அந்த நம்பரு எனக்கில்லன்னு சொன்னீங்களேக்கா."

அவளை எங்கள் ரூமுக்குக் கூட்டிவந்து 1098 அடித்தேன்.

"குழந்தை இப்ப எங்க இருக்கு?"

"என் பக்கத்துல."

"வயசு?"

"பதினொண்ணு."

"வேலைக்கு வச்சிருந்தது யாரு?"

"நான்தாங்க" என்றேன்.

படியில் காலடி இறங்கியது. நான் எழுவதற்குள் இலக்கியா ஓடிப்போய், எட்டாத தாழ்ப்பாளை நுனிக்காலில் எக்கி, உள்ளிருந்து போட்டாள்.